கப்பல் எறிந்த கயிறு

பல் துலக்கிக்கொண்டு கிணற்றடியில் நின்றபோதுதான் வாகீசனுக்கு உறைத்தது: நிருஷனின் இஞ்சின் இன்னும் நிற்கவில்லை.

நேற்றுப் பொழுது சாயும் நேரம், வலை விட நிருஷன் தனியாக வள்ளத்தை இறக்கிக்கொண்டு போனபோது கேட்ட அதே சத்தம். இரண்டு தட்டு ஒழுங்காக விழும், மூன்றாவது சற்றே விக்கும், பிறகு மறுபடி இரண்டு ஒழுங்காக. அந்த விக்கலை வாகீசன் தூக்கத்திலும் அடையாளம் சொல்வான். போன மாதம் அந்த இஞ்சினைக் கழற்றிப் பூட்டியவன் அவன்தான்; மற்றதெல்லாம் சரிவந்தது, விக்கல் மட்டும் போகவில்லை. "உது பழுதில்லை மச்சான், இஞ்சின்ரை குணம். உன்ரை மனுசி சண்டைக்கு வரேக்கை நீ விக்கிறேல்லையோ, அப்பிடித்தான்" என்று சொல்லித் தோளில் ஏற்றி அனுப்பியிருந்தான். மனுசி என்றது தன் சொந்தத் தங்கச்சியை.

தை மாதத்துப் பனிப்புகார் முற்றத்தை மூடியிருந்தது. வேலி இல்லை, வேலிக்கு அப்பால் தெருவும் இல்லை; முருங்கை மரத்தின் கீழ்ப்பாதியை மட்டும் யாரோ மறந்து விட்டுப் போயிருந்தார்கள். காகங்கள் கரையவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து, வடக்கே, கடல் இருக்கவேண்டிய பக்கத்திலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது: கிட்ட வராமல், தூரப் போகாமல், ஓடுகிற இஞ்சினுக்கு உள்ள இழுவை இல்லாமல், ஓரிடத்தில் நின்று தனக்குள்ளேயே உழன்றுகொண்டிருக்கிற சத்தம். நியூற்றலில் விட்ட இஞ்சின். அந்தத் தாங்கியில் எவ்வளவு மண்ணெண்ணெய் கொள்ளும் என்பது அவனுக்குத் தெரியும். எப்போதோ முடிந்திருக்க வேண்டும்.

வாயைக் கொப்பளித்துத் துப்பினான். தேவைக்கு மேல் சத்தமாகவே துப்பினான்.

பருத்தித்துறைக்கு மேற்கே அந்தக் கரையில் வாகீசனின் அப்பனும் அப்பனின் அப்பனும் கடலோடிகள். வாகீசனும் பதினாறு வயதில் ஒருமுறை கடலுக்குப் போனான். வயிற்றில் இருந்ததையெல்லாம் மீனுக்குப் படைத்துவிட்டுத் திரும்பி வந்து, "கடலுக்கு நான் சரிவரமாட்டன், கடல் எனக்குச் சரிவராது, ரெண்டு பேரும் கதைச்சுப் பிரிஞ்சிட்டம்" என்று அறிவித்தான். அன்றிலிருந்து பூவரச நிழலில் இருந்து மற்றவர்களின் இஞ்சின்களைத் திருத்துகிறான். ஊர் அவனுக்கு வைத்த பட்டம் கரைக் கப்டன். அந்தப் பட்டத்தைப் பலகையில் எழுதித் தொங்கவிடலாமா என்றுகூட ஒருமுறை யோசித்திருக்கிறான்.

வேலிப் படலை கிறீச்சிட்டது. உதயகலா. புருசனின் சேட்டு ஒன்றை மேலே போட்டிருந்தாள், தலை வாரி இழுக்கவில்லை.

"அண்ணை, கேக்குதோ?"

"என்னது?"

"நடிக்காதை. விடிய விடியக் கேட்டுக்கொண்டு கிடந்தனான். இவரின்ரை இஞ்சின்தானே?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும். அவள் அழுதுவிட்டுப் போய்விடுவாள், யாராவது யாரையாவது கூப்பிடுவார்கள், புகார் கலையும். இஞ்சின் விஷயத்தில் வாகீசன் பொய் சொல்லிப் பழக்கமில்லை. மற்ற எல்லா விஷயத்திலும் பழக்கமுண்டு.

"ஓம். அவன்ரைதான்."

"போன் அடிக்குது, எடுக்கேல்லை. இஞ்சின் நிக்கேல்லை, ஆள் வரேல்லை. எங்கை நிக்கிறார் எண்டு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

பொங்கலுக்கு மறுநாள் காலை அந்தக் கப்பல் அங்கே நின்றது. வந்ததை ஒருவரும் காணவில்லை. கடலடிப் பாறை வரிசையான பாருக்கு உள்ளே, பெரிய வள்ளங்களே பார்த்துப் பார்த்துப் போகிற கல்லுக் கடலில், சாம்பல் நிறத்தில், கொடியில்லாமல், இலக்கமில்லாமல், கத்தியைப் படுக்கவைத்ததுபோல் ஒரு போர்க்கப்பல். யாருடையது என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் கிடைத்தது. ஜஸ்ரின்தான் மீன்வாடிக் கொட்டிலில் வைத்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினான். அவன் வலை பொத்துகிற நேரத்தைவிட யூரியூப் பார்க்கிற நேரம் கூட.

"உது கரைக்கடல் சண்டைக்கெண்டே கட்டினது. ஆழம் தேவையில்லை. தண்ணியை உறிஞ்சிப் பின்னாலை பீச்சித்தான் ஓடும். பக்கமெல்லாம் சரிவு, ரேடாரிலை தெரியாது. பின்பக்கத்திலை தண்ணி மட்டத்துக்கு ஒரு கதவு கிடக்கு. திறந்து சின்னப் போட்டுகளை விடும், பிறகு உள்ளை எடுக்கும். நாப்பது பேர் காணும், முழுக் கப்பலுக்கும்."

"நாப்பது பேரோ? எங்கடை தேர் இழுக்கவே நூறு பேர் காணாது" என்றார் மீனவர் சங்கத் தலைவர் பரமலிங்கம்.

"மிச்சமெல்லாம் கொம்பியூட்டர் செய்யும் அண்ணை."

"சமையலுமோ?" என்று கேட்டான் வாகீசன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்தபின் எல்லோரும் ஒரே நேரத்தில் கப்பலைப் பார்த்தார்கள். நாற்பது பேரில் ஒருவனைக்கூட மேல்தட்டில் கண்டவர் இல்லை. வாடைக்காற்று அடித்தபோது கட்டி நின்ற வள்ளங்கள் எல்லாம் முகத்தைத் திருப்பிக் காற்றைப் பார்த்து நின்றன. அது மட்டும் திரும்பவில்லை. நங்கூரச் சங்கிலி எங்கே என்று வாகீசன் தேடினான்; கிடைக்கவில்லை; அதைப்பற்றி ஒரு பகிடி விடலாம் என்று பார்த்தான்; அதுவும் கிடைக்கவில்லை.

பெரிய நிழலுக்குக் கீழே மீன் ஒதுங்கும் என்பது மட்டும் நிச்சயம். நேற்று நிருஷன் அதற்குத்தான் போனான்.

கரையில் ஆட்கள் கூடி நின்றார்கள். புகார் அவர்களுடைய முழங்காலைத் தின்றிருந்தது. இஞ்சின் சத்தம் அங்கே இன்னும் தெளிவாகக் கேட்டது. தட்டு, தட்டு, விக்கல். ஒருவர் பீடி பற்றவைத்தார், ஒருவர் நேற்றைய மழைத் தூறலைப்பற்றிப் பேசினார். கப்பல் என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை.

"புகார் கலையட்டும் பிள்ளை" என்றார் பரமலிங்கம். "கண் தெரியாமல் பாருக்குள்ளை போனால் போறவனும் உடைஞ்சு போவான்."

"இரவும் விடியட்டும் எண்டுதான் சொன்னனியள்."

"இரவு புகார் இல்லையே பிள்ளை."

"அப்ப இரவே போயிருக்கலாம்!"

உதயகலா பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜஸ்ரினின் வள்ளத்தடிக்குப் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளத் தொடங்கினாள். ஒரு பெண் தனியாகத் தள்ளினால் அந்த வள்ளம் அசையாது. அசையவில்லை. அவள் விடவுமில்லை. கால் மணலில் புதையப் புதையத் தள்ளினாள். தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. சின்ன வயதில் அம்மா செத்த அன்று மூடிய கதவைத் தள்ளிக்கொண்டு நின்றபோது வந்த அதே சத்தம்.

வாகீசனின் கால்கள் அவனைக் கேட்காமல் நடந்தன.

"விடு. நான் போறன்."

"நீயோ?"

"நான்தான். இஞ்சின்ரை சத்தத்தைப் பிடிச்சுக்கொண்டு போக வேறை ஆருக்குத் தெரியும் இஞ்சை? வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுக்க ஒரு சட்டி மட்டும் தா."

அவள் சிரிக்கவில்லை. அவனுடைய முழங்கையைப் பிடித்தாள். விரல்கள் பனிக்கட்டி.

"கூட்டிக்கொண்டு வா அண்ணை. எப்பிடியெண்டாலும்."

"வாறன். ரெண்டு பேரும் வாறம்."

ஜஸ்ரினின் வள்ளத்தை இறக்கியதும் கரை மறைந்தது. நாலு தரம் துடுப்புப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒன்றுமில்லை, முன்னால் ஒன்றுமில்லை, ஒரு வெள்ளைக் கிண்ணத்தின் நடுவில் வாகீசனும் வள்ளமும் அவன் மடியில் சட்டியும். இஞ்சினை இழுத்தான், கொஞ்சத் தூரம் ஓடினான், நிறுத்திவிட்டுக் காது கொடுத்தான், மறுபடி இழுத்தான். வயிறு குமட்டவில்லை என்பது ஆச்சரியமாக இருந்தது. பிறகுதான் ஏன் என்று விளங்கியது. வள்ளம் ஆடவில்லை. வாடை காலத்துக் கடல் முதுகை நெளிக்காமல் இப்படிக் கிடந்ததை அவன் கரையிலிருந்துகூடக் கண்டதில்லை. தண்ணீர் எண்ணெய்ச் சட்டிபோல் மட்டமாக இருந்தது, அதில் விழுந்த அவனுடைய முகம் கலையாமல் கூடவே வந்தது. உப்பு மணம் குறைந்துகொண்டு போய், அதனிடத்தில் புதுப் பெயின்ற், குளிர்ந்த இரும்பு, அதற்கடியில் வேறொன்று: நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையில் பலபேர் படுத்தெழுந்தால் வருகிற மூச்சின் மணம்.

"முருகா, சந்நிதி வேலா" என்றான் முணுமுணுப்பாக. "தலையிலை மிச்சம் கிடக்கிற நாலு மயிரையும் தாறன். கன காணிக்கை இல்லைத்தான். இருக்கிறது அவ்வளவுதான்."

வள்ளத்தின் முன்முனை, அணியம், எதிலோ முட்டியது.

புகார்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தது கப்பலாக இருந்தது. இவ்வளவு நேரமும் அவன் அதைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறான். சாம்பல் சுவர் தண்ணீரிலிருந்து எழுந்து அவனுக்கு மேலாகச் சாய்ந்து போய் வெள்ளைக்குள் கரைந்தது. ஆணி இல்லை, பொருத்து இல்லை, சன்னல் இல்லை, துரு இல்லை. உப்புத் தண்ணீரில் நிற்கிற இரும்புக்குத் துரு இல்லை. பாசி இல்லை. முட்டிய இடத்தில் சத்தமும் வரவில்லை.

இஞ்சின் சத்தம் அந்தச் சுவருக்கு உள்ளேயிருந்து வந்தது.

இஞ்சின் திருத்துகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. உள்ளே எங்கே நோகிறது என்று தெரியாவிட்டால் நீளமான ஸ்குரூ டிறைவரின் நுனியை இரும்பில் ஊன்றி, பிடியைக் காதில் வைப்பான். வைத்தியரின் குழாயைப்போல் இரும்பு எல்லாவற்றையும் சொல்லிவிடும். வாகீசனின் இடுப்பில் எப்போதும் ஒன்று இருக்கும். கலியாண வீட்டுக்கும் அதோடு போய் ஏச்சு வாங்கியிருக்கிறான். இப்போது அதை உருவி, நுனியை அந்தச் சுவரில் வைத்து, காதைப் பிடியில் அழுத்தினான்.

தட்டு, தட்டு, விக்கல். அதற்குப் பின்னால் வேறு இஞ்சின்கள். ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியாத அளவு, எல்லாம் நியூற்றலில். அவற்றுக்கும் பின்னால், ஆழத்தில், தாளம் தவறாமல் ஏதோ ஏறி இறங்கியது. காற்றுப் பம்பி என்று நினைத்தான். இல்லை. பம்பிக்கு ஈரம் இருக்காது. நெஞ்சுகள். நிறைய நெஞ்சுகள், ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து, ஒரே நேரத்தில் விட்டன. இழுத்தன. விட்டன. இழுத்தன.

விடவில்லை.

வாகீசனும் மூச்சைப் பிடித்திருந்தான். இரும்புக்கு அந்தப் பக்கமும் எல்லோரும் பிடித்திருந்தார்கள். அவன் கேட்பதை அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஸ்குரூ டிறைவர் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. வளையம் எழவில்லை.

திரும்பிவிடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. கரைக் கப்டன் கரைக்குப் போவதில் என்ன வெட்கம்? ஆனால் கரையில் அவள் நிற்பாள். கண்டனியோ என்று கேட்பாள். கேட்டன், காணேல்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லுகிற வாய் அவனிடம் இல்லை. துடுப்பால் சுவரைத் தொடாமல், சுவரோரமாக, பின்பக்கத்துக்கு வள்ளத்தை மெல்ல நகர்த்தினான்.

கதவு திறந்திருந்தது.

ஜஸ்ரின் சொன்னதுபோலவே தண்ணீர் மட்டத்துக்கு, ஒரு சரிவுப் பலகை கடலுக்குள் நாக்கு நீட்டியிருந்தது. உள்ளே ஒரு வெளிச்சம்; விளக்கு எங்கே என்று தெரியவில்லை. நீளமான கூடம். அதில் இரண்டு பக்கமும் வள்ளங்கள், வரிசையாக, அணியம் வெளியே பார்க்க. பைபர் வள்ளங்கள், கட்டுமரங்கள், அவன் எந்தக் கடலிலும் காணாத உருவில் பாய் சுருட்டிய மரக்கலங்கள், பக்கங்களில் வாசிக்கத் தெரியாத எழுத்துகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் ஆள் இருந்தான். ஒவ்வோர் ஆளின் மடியிலும் சுற்றிய கயிறு இருந்தது.

கதவுக்குக் கிட்டவாக இருந்தது நிருஷனின் நீல வள்ளம். நிருஷன் சரிவுப் பலகையில் நின்றான். கட்டியிருந்த சாரம் காய்ந்திருந்தது. தலைமயிர் வாரியிருந்தது.

"மச்சான்" என்றான். "வந்திட்டியோ."

பள்ளிக்கூடத்திலிருந்து கூட இருந்தவன். வாகீசனின் தங்கச்சியைக் கட்டித் தா என்று கேட்க வெட்கப்பட்டு, இல்லாத இஞ்சின் பழுதுக்கு மாதக் கணக்கில் பூவரசடிக்கு வந்தவன். அந்தக் குரலைக் கேட்டதும் வாகீசனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வந்திட்டன்ரா. என்ன செய்யிறாய் உள்ளை? அவள் கரையிலை செத்துக்கொண்டு நிக்கிறாள். குதி இஞ்சாலை!"

நிருஷன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"சாப்பிட்டனியோ?"

"சாப்பாட்டுக்கோடா வந்தனான்? குதி எண்டு சொல்லுறன். இஞ்சினும் வேண்டாம், வள்ளமும் வேண்டாம். நீ வந்தால் காணும்."

நிருஷன் கொஞ்ச நேரம் யோசித்தான். முதல்தடவை எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம்.

"சாப்பிட்டனியோ?"

அவன் பார்த்தது வாகீசனின் முகத்தை இல்லை. வள்ளத்தின் அணியத்தை, அங்கே கயிறு கட்டுகிற முளையை.

அவனுடைய கை பின்னால் போய், முன்னால் வந்தது. கயிறு விரிந்து பறந்து வந்தது.

அந்தக் கரையில் பிள்ளைகளுக்கு நீந்தப் பழக்குமுன் பழக்குகிற விஷயம் ஒன்று உண்டு. கடலில் ஒருவன் உனக்குக் கயிறு எறிந்தால் முதலில் பிடி, பிறகு கட்டு, அதற்குப் பிறகு ஆர், ஏன் என்று கேள். யோசித்தவனைக் கடல் கொண்டுபோய்விடும். தகப்பன்மார் சாப்பாட்டு நேரத்திலும், நித்திரையிலிருந்து எழுப்பியும் கயிறு எறிவார்கள். பிடிக்கத் தவறினால் குட்டு விழும். கடலைக் கைவிட்ட வாகீசனின் கைகள் அதைக் கைவிட்டிருக்கவில்லை. கயிறு உள்ளங்கையில் அறைந்தது. அவன் குனிந்தான், இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, ஓர் இழுப்பு. முடிச்சு விழுந்த பின்புதான் அவனுக்குத் தெரிந்தது தான் கட்டியிருப்பது.

கயிறு இறுகியது. அதை யாரும் இழுக்கவில்லை. வள்ளம் நகர்ந்தது.

"இல்லை" என்றான் வாகீசன். "இல்லையடா. நில். நில்லு!"

வள்ளத்தில் கிடந்த வலைக் கத்தியை எடுத்து அறுத்தான். நைலோன் இழை இழையாகத் தெறித்தது. அறுந்தது! அறுந்து விழுந்தது. இஞ்சினைப் பாய்ந்து பிடித்துப் பின்னுக்கு விட்டான். வள்ளம் பின்வாங்கியது.

இரண்டாவது வள்ளத்தில் இருந்தவன் எழுந்து எறிந்தான்.

கத்தியைப் போட்டுவிட்டு வாகீசனின் கைகள் பிடித்தன.

மூன்றாவது ஆள் எழுந்தான். நாலாவது ஆள். வெள்ளைத் தாடிக்காரன் ஒருவன். பனைநாரில் முறுக்கிய பழைய கயிறு ஒன்று. இரும்புக் கம்பியில் முறுக்கியது ஒன்று. பிடித்தான். கட்டினான். அழுதுகொண்டு கட்டினான். "விடுங்கோ, பிடிக்காதையுங்கோ" என்று தன் கைகளுக்கே மரியாதையாகச் சொல்லிப் பார்த்தான். பிறகு தூசணத்தில் சொன்னான். முடிச்சு எல்லாம் நல்ல முடிச்சு. அப்பன் இருந்திருந்தால் மெச்சியிருப்பார்.

கடலுக்குள் குதித்தான். கயிறு பிடிக்கப் பழகியவன் நீந்தப் பழகவில்லை, பரவாயில்லை. தண்ணீர் தலைக்கு மேல் மூடியது. இருட்டு. குளிர். அதற்குள்ளும் ஒரு கயிறு வந்து தோளில் விழுந்தது.

கைகள் பிடித்தன.

அவன் மறுபடி வள்ளத்தில் இருந்தான். வள்ளம் நீல வள்ளத்துக்குப் பக்கத்தில் இருந்தது, அணியம் வெளியே பார்க்க, அளந்து விட்ட இடத்தில் அளவாக. உடுப்பு காய்ந்திருந்தது. இஞ்சின் நியூற்றலில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடவிட்டது யார்? நிறுத்தும் சுவிச்சை அமத்தினான். நிற்கவில்லை. எண்ணெய்க் குழாயை இழுத்துக் கழற்றினான். நிற்கவில்லை. மூடியைத் திறந்து பொறி தெறிக்கிற பிளக்கைக் கழற்றிக் கையில் எடுத்தான். கை சுட்டது. இஞ்சின் நிற்கவில்லை. இருபது வருடமாகத் தெரிந்த தொழில் கையில் சும்மா இருந்தது.

போன். சேட்டுப் பையில் போன். இரண்டு கோடு சிக்னல் இருந்தது. இரும்புக்குள், கடலுக்கு நடுவில், இரண்டு கோடு. அவனுடைய குசினியில்கூட இரண்டு கோடு கிடைத்ததில்லை.

முதல் அடியிலேயே எடுத்தாள்.

"அண்ணை! கண்டனியோ?"

"கலா, கேள். வராதை. ஒருத்தரையும் விடாதை. கயிறு எறிஞ்சால் பிடிக்காதை. நான் சொல்லுறதைக் கேள்…"

"அண்ணை? கதை அண்ணை."

"கதைக்கிறன்! வராதை!"

"இஞ்சின் சத்தம்தான் கேக்குது." பிறகு அவள் சிரித்தாள், அழுகைக்குள்ளிருந்து. "ரெண்டு இஞ்சின் கேக்குது. இவரின்ரையும் கேக்குது, உன்ரையும் கேக்குது. கண்டிட்டாய் என்ன? ஒண்டாத்தான் நிக்கிறியள் என்ன?"

"கலா! கலா! கலா!"

"எண்ணெய் முடிஞ்சுதோ? நில்லுங்கோ ரெண்டு பேரும். நான் எண்ணெய் கொண்டு வாறன்."

அவன் கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். கூடத்தில் இஞ்சின் சத்தம் கொஞ்சம் கூடியது. அவ்வளவுதான்.

நிருஷன் வந்து பக்கத்தில் குந்தினான். சுற்றிய கயிறு ஒன்றை வாகீசனின் மடியில் வைத்தான். பிள்ளையைக் கொடுப்பதுபோல் பார்த்து வைத்தான்.

"பிடி மச்சான். சும்மா இருந்தால் விறைக்கும்."

"உன்ரை மனுசியடா" என்றான் வாகீசன். "வாறது உன்ரை மனுசி. நிருஷன். டேய்."

நிருஷன் கொஞ்ச நேரம் யோசித்தான். கண்ணின் ஓரத்தில் ஏதோ அசைந்தது, நீர் கட்டியது, ஒரு துளி இறங்கித் தாடை வரைக்கும் வந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை. அது தன்னுடையது என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"சாப்பிட்டனியோ?" என்றான்.

வாகீசன் கயிற்றைத் தூக்கி எறியப் பார்த்தான். விரல்கள் திறக்கவில்லை. அதன்மேல் ஏறி இருந்தான். கயிறு மடியில் இருந்தது. மணிக்கட்டைக் கடித்தான். தோல் கிழிந்தது. இரத்தம் வரவில்லை. நெஞ்சு ஏறியது, இறங்கியது. கூடம் முழுக்க நெஞ்சுகள் ஏறின, இறங்கின. தன்னுடையதை மட்டும் பிந்தவைக்க முயன்றான். ஒரு மூச்சு பிந்தியது. இரண்டாவது கொஞ்சம் பிந்தியது.

மூன்றாவது பிந்தவில்லை.

வெள்ளைக்குள் ஓர் இஞ்சின். ஓடுகிற இஞ்சின். உயிருள்ள சத்தம், தண்ணீரை உதைத்துக்கொண்டு வருகிற சத்தம். பரமலிங்கத்தின் பழைய பதினைந்து குதிரைவலு இஞ்சின். அவன் திருத்தியது. நன்றாகத் திருத்தியிருந்தான். நின்றுபோ, என்று அதனிடம் கெஞ்சினான். என்ரை ராசா, நின்றுபோ. ஒருக்கால் நின்றுபோ.

நிற்கவில்லை.

கூடத்தில் எல்லோரும் எழுந்தார்கள். ஒரே நேரத்தில். வாகீசனும் எழுந்திருந்தான்.

புகார் விலகியது. வள்ளத்தில் இஞ்சின் பிடியை விட்டு உதயகலா எழுந்து நின்றாள். காலடியில் எண்ணெய்க் கலன். புருசனின் சேட்டு காற்றில்லாமலே படபடத்தது. அவள் நிருஷனைக் கண்டாள். வாகீசனைக் கண்டாள். கதவைக் காணவில்லை, கூடத்தைக் காணவில்லை, பின்னால் நின்றவர்களில் ஒருவரையும் காணவில்லை. அவள் முகம் விரிந்தது.

"அண்ணை!"

போ. போ. திரும்பிப் போ.

தட்டு. தட்டு. விக்கல்.

அவனுடைய வலக்கை பின்னால் போயிற்று. தோள் திரும்பியது. அப்பன் பழக்கியதுபோல், முழங்கை மடங்காமல், அளவாக. கயிறு கையை விட்டுப் போனது. வெள்ளையில் அது விரிந்து விரிந்து போவதை அவன் பார்த்தான்.

உதயகலா சிரித்தபடி இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.